இரண்டாம் உலகப் போர்க்காலக் குடிமக்கள் வாழ்க்கை

இரண்டாம் உலகப் போர்க்காலக் குடிமக்கள் வாழ்க்கை என்பது 1939 முதல் 1945 வரை நடந்த போரின்போது, படையில் சேராத பொதுமக்களின் உணவு, உழைப்பு, குடியிருப்பு, குடும்பம், அரசுடனான உறவு ஆகியவை பல நாடுகளில் எவ்வாறு மாறின என்பதைக் குறிக்கும். இப்போரில் இறந்தோர் தொகை 6 கோடிக்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் படைவீரரைவிடக் குடிமக்களே மிகுதி. குண்டுவீச்சிலும் இனப்படுகொலையிலும் இறந்தவர்களோடு, போர்க்களத்தின் ஓசையையே கேட்காமல் பசியாலும் நோயாலும் இறந்தவர்களும் இத்தொகையில் அடங்குவர். 1943இல் வங்காளத்தின் சிற்றூர்களில் செத்தவர்கள் இந்த வகையினர்.

பின்னணி

பழைய போர்களில் படை ஓரிடத்தில் மோதும். ஊர் மற்றோரிடத்தில் இருக்கும். தொழிற்சாலைகள் பெருகிய பிறகு இந்தப் பிரிவு மறைந்தது. ஒரு விமானத்தைப் பறக்க வைக்க அலுமினியம் உருக்குவோர், திருகாணி முடுக்குவோர், நிலக்கரி வெட்டுவோர், இவர்கள் அனைவருக்கும் சோறு விளைவிப்போர் எனப் பெருந்திரளான மக்கள் தேவைப்பட்டனர். ஆகவே எதிரியின் தொழிலாளியும் அவனது வீடும் இலக்காயின. தன் நாட்டுத் தொழிலாளியின் நேரமும் உணவும் அரசின் கணக்கில் ஏறின. இவ்வகைப் போரை முழுமைப் போர் என்பர். 1914–1918 போரிலேயே இது தொடங்கிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது. அந்த அச்சம் மக்கள் மனத்தில் தங்கி, துணிந்த ஆளை 'எம்டன்' என்று சொல்லும் வழக்காகவே தமிழில் நிலைத்துவிட்டது.

இருட்டும் இடப்பெயர்வும்

பிரித்தானியாவில் போர் அறிவிக்கப்படும் முன்பே, 1939 செப்டம்பர் 1 அன்று இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டப்பட்டது, தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. முதல் மாதங்களில் குண்டுகளைவிட இருட்டுச் சாலைகளில் நேர்ந்த விபத்துகளே மிகுதியான உயிர்களைக் கொண்டன. அதே நாளில் குழந்தைகளை நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் வேலையும் தொடங்கியது. மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம் மாற்றப்பட்டனர். கழுத்தில் பெயர்ச்சீட்டும் கையில் நச்சுப்புகை முகமூடியுமாக வந்த நகரத்து ஏழைக் குழந்தைகளின் பேன் தலையும் மெலிந்த உடலும் அவர்களை ஏற்றுக்கொண்ட வசதியான வீட்டாருக்கு அதிர்ச்சி தந்தன. தம் நாட்டின் வறுமையை நடுத்தர வகுப்பு தன் வீட்டுக்குள்ளேயே கண்டது அப்போதுதான். போருக்குப் பின் வந்த சமூக நலச் சட்டங்களுக்குக் கிடைத்த ஆதரவில் இந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு.

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை நடந்த தொடர் குண்டுவீச்சில் பிரித்தானியாவில் 40,000க்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்தனர். பின்னர் செருமனி, சப்பான் நகரங்கள் மீது விழுந்தவை இதைவிடப் பன்மடங்கு பெரியவை. 1945 மார்ச் 9–10 இரவில் தோக்கியோவில் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் எரிந்து மாண்டனர். சப்பானிலும் 1944 முதல் பள்ளிக் குழந்தைகள் நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டனர். ஆனால் சற்று வளர்ந்த மாணவர்கள் வேலைக்காக நகரங்களிலேயே வைத்துக்கொள்ளப்பட்டனர். இரோசிமாவில் தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் 1945 ஆகத்து 6 காலையில் அணுகுண்டுக்கு இரையாயினர்.

சென்னையின் கதை வேறு. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் சப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. சென்னைக்குப் படை வருகிறது என்ற செய்தி பரவியது. அரசு அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தொடர்வண்டியிலும் மாட்டு வண்டியிலும் சொந்த ஊர்களுக்குக் கிளம்பினர். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியேறிவிடும் என்று அஞ்சி, உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுச் சென்றது. வராத படைக்காக ஒரு பெருநகரம் காலியானதும் போரின் விளைவுதான்.

உணவு

போர்க்காலக் குடிமக்கள் வாழ்வின் நடுப்பொருள் உணவே. பிரித்தானியா தன் உணவில் பெரும்பகுதியைக் கடல் வழியே பெற்றுவந்தது. செருமானிய நீர்மூழ்கிகள் அந்த வழியை மறித்தன. 1940 சனவரி 8 முதல் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது. பிறகு இறைச்சியும் தேயிலையும் அட்டைக்குள் வந்தன; 1941இல் துணியும் வந்தது. தேயிலை ஆளுக்கு வாரம் 2 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 57 கிராம். பூங்காக்களும் வீட்டு முற்றங்களும் காய்கறிப் பாத்திகளாயின. உணவு சுவையற்றதாக இருந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஆயினும் ஏழைகளின் தட்டில் முன்பைவிடச் சத்து கூடியது. கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பால் தனியாக ஒதுக்கப்பட்டது. போர் முடிந்தபோது குழந்தை இறப்பு வீதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. பணம் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஒரே அளவு கொடுத்ததன் பலன் அது. போர்க்காலத்தில் பங்கிடப்படாத ரொட்டி, போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. உணவுப் பங்கீடு முற்றிலும் நீங்கியது 1954 சூலையில்தான்.

லெனின்கிராது நகரில் பங்கீட்டு அட்டை வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான கோடாக இருந்தது. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 சனவரி 27 வரை, 872 நாட்கள், அந்நகரம் முற்றுகையில் கிடந்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி; அலுவலர், முதியோர், குழந்தைகளுக்கு 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவோடு மரநார் போன்ற பொருள்கள் கலந்திருந்தன. மாதத் தொடக்கத்தில் அட்டையைத் தொலைத்தவர் மாத இறுதியைக் காண்பது அரிது. எட்டு இலட்சத்துக்கும் குறையாத குடிமக்கள் அங்கே இறந்தனர் எனக் கருதப்படுகிறது. வவிலோவ் தொடங்கிய பயிர் ஆய்வு நிறுவனத்தில் உலகெங்கும் திரட்டிய நெல், கோதுமை, உருளைக்கிழங்கு விதைகள் சேமிப்பில் இருந்தன. அவற்றைத் தொடாமல் காத்த அறிவியலாளர்களில் சிலர் பசியால் மடிந்தனர். அந்த விதைகளைத் திரட்டிய வவிலோவும் 1943இல் சோவியத்துச் சிறையில் ஊட்டமின்றி இறந்தார்.

செருமனியின் மக்கள் போரின் பெரும்பகுதியில் ஓரளவு நன்றாகவே உண்டனர். கைப்பற்றிய நாடுகளின் தானியமும் கால்நடையும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. அதன் மறுபக்கம் கிரேக்கத்தில் 1941–42 குளிர்காலப் பஞ்சமாகவும், போலந்து, உக்ரைன் நகரங்களில் பட்டினியாகவும் தெரிந்தது. 1944–45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தில் மக்கள் தூலிப்பூக் கிழங்கைத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். அப்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். நடுவயதில் அவர்களிடம் சர்க்கரை நோய் போன்ற கோளாறுகள் மிகுதியாகக் காணப்பட்டன.

பர்மா அரிசியும் வங்கப் பஞ்சமும்

தெற்காசியாவில் போர் அடுப்படிக்குள் நுழைந்தது பர்மாவின் வீழ்ச்சியோடு. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கைக்குப் போனது. வங்காளம், சென்னை மாகாணம், மலபார், திருவிதாங்கூர், இலங்கை ஆகிய எல்லாமே பர்மா அரிசியை எதிர்பார்த்திருந்த பகுதிகள். அந்த வரத்து ஒரே பருவத்தில் நின்றது.

வங்காளத்தில் நிகழ்ந்ததற்கு அரிசி வராதது மட்டும் காரணம் அன்று. சப்பானியர் வந்தால் பயன்படும் என்று கருதி, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றும் படகுகளை அரசே பறித்தது அல்லது அழித்தது. படகில்லாமல் அந்த ஆற்றுநாட்டில் மீனவருக்குத் தொழில் இல்லை. நெல்லுக்கும் போக்குவரத்து இல்லை. 1942 அக்டோபர் 16 அன்று மிதுனாபூர் மாவட்டத்தைப் புயல் தாக்கியது. மாகாணங்கள் ஒன்றுக்கொன்று தானியம் தராமல் எல்லையை மூடின. போர்ச் செலவுக்காக அச்சிட்ட பணம் விலையை ஏற்றியது. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்க்கும் அரசு ஊழியர்க்கும் மலிவு விலையில் அரிசி உறுதி செய்யப்பட்டது. நிலமற்ற கூலிகள், மீனவர், கைவினைஞர் எவருக்கும் அந்த உறுதி கிடைக்கவில்லை. வணிகர் பதுக்கினர். பிரித்தானிய அமைச்சரவை கேட்ட அளவு கப்பல்களை ஒதுக்கவில்லை. 1943இல் கல்கத்தாத் தெருக்களில் கஞ்சி வடிநீர் கேட்டு வந்த கிராமத்தார் நடைபாதையிலேயே விழுந்து இறந்தனர். அவர்களின் படங்களைத் தி இசுடேட்சுமன் நாளிதழ் ஆகத்து மாதம் வெளியிட்ட பிறகே வெளியுலகம் விழித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தோரை 15 இலட்சம் என்றது; பிற்கால ஆய்வாளர் பலர் 20 முதல் 30 இலட்சம் வரை என்கின்றனர். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், அந்த ஆண்டு விளைச்சல் பேரளவில் குறைந்துவிடவில்லை என்றும், ஏழைகளின் கூலிக்கு அரிசி எட்டாமற் போனதே முதன்மைக் காரணம் என்றும் வாதிட்டார். விளைச்சல் பற்றிய அவருடைய கருத்தை மறுப்போர் உண்டு. ஆனால் செத்தவர்கள் யார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சென்னையில் 1943இல் அரிசிப் பங்கீடு வந்தது. ரேசன் கடை, ரேசன் அட்டை, கியூ ஆகிய சொற்கள் தமிழ் வீடுகளில் புழங்கத் தொடங்கிய காலம் இது. கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்கும் அரிசியின் இடத்தைப் பிடித்தன. உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட செப்புக் காசு 1943இல் வெளிவந்தது. 'ஓட்டைக் காலணா' அதுவே. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவின் கடிகாரங்கள் கூட ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன.

பர்மாவிலிருந்து நடந்தவர்கள்

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன்மீது குண்டு விழுந்தது. துறைமுகக் கூலிகள், வயல் தொழிலாளர், கடைக்காரர், எழுத்தர் என அங்கே வாழ்ந்த இந்தியரில் தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர் எல்லோரும் இருந்தனர். கப்பலில் இடம் பிடிக்க முடிந்தவர் சிலரே. மற்றவர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும், தாமு–இம்பால் பாதையிலும், வடக்கே ஊக்கவுங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்தனர். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் இவ்வாறு வெளியேறினர். மலைக்காய்ச்சல், வாந்திபேதி, மழை, பசி ஆகியவற்றால் வழியில் இறந்தவர் பல்லாயிரவர். ஐரோப்பியர்க்கு நல்ல பாதையும் இந்தியர்க்குக் கெட்ட பாதையும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே இந்தியத் தலைவர்களால் எழுப்பப்பட்டது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு இது வேறொரு முடிவு. 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத உழவரின் நிலங்கள் அவர்கள் கைக்கு வந்திருந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவ்வாறு சேர்ந்தது. போர் அவர்களை அங்கிருந்து கிளப்பியது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டத்தால் அந்த நிலம் திரும்பாத சொத்தாயிற்று. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கண்ணில் இது நீதி. கணக்குப் புத்தகத்தோடு காரைக்குடிக்குத் திரும்பியவர் கண்ணில் பறிப்பு. பிற்காலத்தில் 1960களில் தமிழகம் வந்த பர்மா அகதிகள் வேறொரு அரசியல் சூழலில் வெளியேறியவர்கள்; இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் சரியன்று.

பால்மரத் தோட்டத்திலிருந்து சயாம் வரை

மலாயாவின் பால்மரத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழரே பால்வெட்டுத் தொழிலாளர். 1942 தொடக்கத்தில் மலாயா சப்பானியரிடம் வீழ்ந்ததும் நேச நாடுகளுக்கு இரப்பர் வரத்து அறுந்தது. அமெரிக்காவில் அந்தச் சனவரியிலேயே டயர் பங்கீடு தொடங்கியது. பின்னர் வந்த பெட்ரோல் பங்கீட்டின் முதன்மை நோக்கமும் எண்ணெயைச் சேமிப்பதன்று, டயர் தேயாமல் காப்பதே. எஞ்சிய பெரிய இரப்பர் நாடான இலங்கையில், மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று அளவுமீறிப் பால் எடுத்தார்கள்.

மலாயாவிலோ வாங்குவாரின்றித் தோட்டங்கள் நின்றன. வேலையும் அரிசியும் இழந்த தோட்டத் தமிழர் மரவள்ளி நட்டுப் பிழைத்தனர். வாழைமரப் படம் போட்ட சப்பானியத் தாள் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்து, போர் முடிந்த அன்று வெறும் காகிதமாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஆள் தேடிய சப்பானியப் படை இந்தத் தோட்டங்களுக்கு வந்தது. முதலில் நல்ல கூலி, குறுகிய கால வேலை என்ற வாக்குறுதி. பிறகு ஆள்பிடிப்பு; சில இடங்களில் இலவசத் திரைப்படம் என்று அழைத்து வந்தவர்களை அப்படியே வண்டியேற்றினர். 1942 இடைப்பகுதி முதல் 1943 அக்டோபர் வரை நடந்த இவ்வேலையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும், தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் உள்ளிட்ட ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளரும் ஈடுபடுத்தப்பட்டனர். போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். கைதிகளுக்குப் படைக்கட்டுப்பாடும் சொந்த மருத்துவர்களும் இருந்தனர். தொழிலாளர்க்கு மருத்துவரும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. வாந்திபேதி வந்த முகாம்கள் முழுவதும் அழிந்தன. மலேசியத் தமிழர் இதைச் சயாம் மரண ரயில் என்றே குறிப்பிடுகின்றனர்.

இதே தோட்டங்களிலிருந்து பல இளம்பெண்கள் 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் சான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். அதன் தலைவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன்.

பெண்களும் வேலையும்

ஆண்கள் படைக்குப் போன இடங்களைப் பெண்கள் நிரப்பியது போரிட்ட பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. பிரித்தானியா 1941 டிசம்பரில் மணமாகாத இளம்பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 60 இலட்சம் பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தனர். சோவியத்து ஒன்றியத்தில் உழவே பெண்கள் கையில் இருந்தது. செருமனி ஆட்பற்றாக்குறையை வேறு வழியில் தீர்த்தது: 1944இல் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் அங்கே வேலை செய்தனர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கட்டாயத்தால் கொண்டுவரப்பட்டவர்கள்.

போர் முடிந்ததும் பெண்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். எனவே போர் பெண்களை விடுவித்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது மிகை. நிலைத்த மாற்றங்கள் சட்டத்தில்தான் தெளிவாகத் தெரிகின்றன. பிரான்சில் பெண்கள் முதன்முதலாக 1945 ஏப்ரலில் வாக்களித்தனர். சப்பானில் 1946 ஏப்ரல் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்து 39 பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அதே ஆண்டு சூனில் இத்தாலியப் பெண்களும் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் வாக்களித்தனர். சோவியத்து ஒன்றியத்தில் மாற்றம் துயரமானது. 1959 கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 2 கோடி மிகுதி. ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் கணவர் இல்லை.

அரசு வீட்டுக்குள் வந்தது

போருக்கு முன் பெரும்பாலான குடிமக்கள் அரசைச் சந்தித்தது அஞ்சலகத்திலும் காவல் நிலையத்திலும். போர்க்காலத்தில் அது சம்பளப் பையிலும் சமையலறையிலும் நுழைந்தது. அமெரிக்காவில் 1939இல் வருமான வரி செலுத்தியோர் ஏறத்தாழ 40 இலட்சம். 1945இல் 4 கோடிக்கும் மேல். சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை அங்கே 1943இலும் பிரித்தானியாவில் 1944இலும் வந்தது.

அதே அரசு தன் குடிமக்களைச் சிறையிலும் வைத்தது. 1942 பிப்ரவரி 19 அன்று பிறப்பித்த ஆணையின்கீழ், அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடியுரிமை உடையவர்கள். 1988இல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோருக்கு ஆளுக்கு 20,000 டாலர் வழங்கியது. ஐரோப்பாவில் நாசி ஆட்சி பதிவேடு, தொடர்வண்டி, அலுவலகம் ஆகிய அனைத்தையும் கொலைக்கருவியாக்கி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றது. கிழக்கு ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் ஒரு மொழியும் ஒரு தொழில்மரபும் முழுவதும் இல்லாமற் போயின.

போருக்குப் பின்

மக்களிடம் இவ்வளவு கேட்ட அரசுகள் திருப்பித் தரவும் வேண்டியிருந்தது. 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்சு அறிக்கையை வாங்கப் பிரித்தானிய மக்கள் வரிசையில் நின்றனர். 1948 சூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. அமெரிக்கா 1944இல் இயற்றிய சட்டத்தால் ஏறத்தாழ 78 இலட்சம் முன்னாள் படைவீரர் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். ஆயினும் கறுப்பின வீரர்க்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாகவே இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 1.2 கோடி செருமானியர் தப்பியோடினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். 1951இல் உருவான அகதிகள் உடன்படிக்கை இத்தகைய பெயர்வுகளின் பின்னணியில் எழுந்தது.

இலங்கையில் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு மானிய விலையில் தொடர்ந்தது. 1953இல் அரசு அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகத்து 12 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தனர். சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். சென்னை மாகாணத்தில் 1952இல் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் ரேசன் கடை பின்னர் திரும்பி வந்து நிலைபெற்றது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சயாம் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்கான போர்க் கல்லறை உள்ளது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த தகடுகள். ஆசியத் தொழிலாளர் பாதையோரக் காடுகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டனர் அல்லது எரிக்கப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் எங்கும் இல்லை.